மணி அடிக்குமுன் மேலே வந்த மீன்கள்

சனிக்கிழமை விடிந்தால் போதும், அமெரிக்காவில் நம்மவர்கள் குடியிருக்கும் சுகர் லேண்டிலிருந்து கார்கள் அந்தக் குளத்தை நோக்கிப் பறக்கும். டாக்டர்கள், எஞ்சினியர்கள், இரண்டாயிரமாம் ஆண்டுக் கோளாறிலிருந்து உலகத்துக் கம்ப்யூட்டர்களைக் காப்பாற்ற வந்த மேதைகள், எல்லாரும் கரையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

குளம் திருமூர்த்தியுடையது. எண்ணெய்க் கம்பெனி வேலை போனதும் கையிலிருந்ததையெல்லாம் போட்டுக் கெளுத்தி மீன் வளர்க்கிறார். இனி அதுதான் சோறு. அங்கேதான் மச்சானந்த சுவாமிகள் எழுந்தருளினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குளத்துக்குப் பாலாபிஷேகம். கேலன் கேலனாக ஊற்ற வேண்டும். சுவாமிகளின் வேனில் விற்கும் பாலுக்குத்தான் சக்தியாம். கடைப் பால் வெறும் பால்தானாம். தண்ணீரில் காற்றைக் கலக்கும் மோட்டாரை அணைத்துவிட வேண்டும், தியானம் கெடுமாம். மறுநாள் காலை அவர் வந்து மணி அடிப்பார். மேலே மிதக்கும் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடும். நாமஜபமாம்!

போன வாரம் நாற்பது மீன் செத்து மிதந்தது. "மோட்சம்" என்றார் சுவாமிகள். கூட்டத்தில் சிலருக்குப் பொறாமைகூட வந்தது.

தினமும் தீனி போடும் திருமூர்த்தியின் மனைவி புஷ்பவல்லிக்கு வயிறு எரிந்தது. கணவரிடம் கேட்டாள்.

"ஏங்க, பால் ஊத்தாத நாள்ல ஒரு மீனாவது ஜபம் பண்ணுச்சா?"

"சும்மா இரு புஷ்பா. சாமி குளத்தைச் சபிச்சிருவாரு."

"எல்லாம் செத்துப்போனா சபிக்க என்னங்க மிஞ்சும்? கவுன்ட்டி விவசாய ஆபீஸுக்கு போன் பண்ணிக் கேட்டேன். பால் தண்ணில கெட்டுப்போனா ஆக்ஸிஜன் குறைஞ்சிடுமாம். மூச்சு முட்டித்தான் மேல வருதுங்களாம்."

அவர் நம்பவில்லை. அவள் வாதாடவும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல் பால் ஊற்றி மோட்டாரை அணைத்தபின், பக்தர்கள் எல்லாருக்கும் போன் செய்து, மறுநாள் ஒரு மணி நேரம் முன்னாலேயே வரச் சொன்னாள். சுவாமிகளுக்கு மட்டும் சொல்லவில்லை.

வந்தார்கள். பார்த்தார்கள். மீன்கள் ஏற்கெனவே மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

யாழ்ப்பாணத்து டாக்டர் அரியரட்ணம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "என்ன பிள்ளை, சாமி இன்னும் வரேல்லை, மணியும் அடிக்கேல்லை. இதுகள் ஆரைக் கும்பிடுதுகள்?"

"யாரையும் இல்ல அங்கிள். மூச்சு விட முடியாம தவிக்குதுங்க. இப்போ பாருங்க" என்று மோட்டாரைப் போட்டாள். தண்ணீர் நுரைத்துச் சுழன்றது. கொஞ்ச நேரத்தில் மீன்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

சுவாமிகள் வந்தார். மணி அடித்தார். கை வலிக்கும் மட்டும் அடித்தார். ஒரு செதில்கூட இல்லாத அந்தக் கெளுத்திகளில் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

"மீன்களுக்கு இன்று மௌன விரதம்" என்றார்.

"மோட்டரை நிப்பாட்டினா விரதம் முடிஞ்சிடுமோ?" என்றார் டாக்டர்.

கூட்டம் சிரித்தது. சுவாமிகளுக்கு முகம் சிவந்தது. "ஆஃப் பண்ணுடா அதை!" என்று கத்தினார்.

திருமூர்த்தி போய்ச் சுவிட்சுக்கு முன்னால் நின்றுகொண்டார். "மாட்டேன் சாமி. நாற்பது மீனை நானே கொன்னிருக்கேன். வண்டியை எடுங்க."

வேன் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. அடுத்த சனிக்கிழமை அது வேறு எந்தக் குளத்தங்கரையில் நிற்குமோ தெரியாது. மூச்சு முட்டினால் மேலே வர வேண்டும் என்று மூன்றாம் வகுப்பு படிக்காத மீனுக்குத் தெரிகிறது. இரண்டு பட்டம் வாங்கிய பக்தகோடிகளே, நீங்கள் எப்போது மேலே வரப்போகிறீர்கள்?