குட்டி நனைத்த இடத்தில் எமன்

அந்த மழைக்காலத்தில் தாராவியில் இரண்டு கூட்டங்கள் கூடின. ஒன்று தண்ணீர் லாரிக்கு, மற்றொன்று பைரவ சாமிக்கு. தண்ணீர் லாரி வராத நாள் உண்டு. சாமி வராத நாள் கிடையாது.

காட்கோபரிலிருந்து வந்தார்கள். திலக் நகரிலிருந்து வந்தார்கள். தாணேயிலிருந்து ரயிலேறி, நாய்க்குட்டியைக் காய்கறிப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் ஹெல்மெட்டுக்குள் குட்டியை உட்காரவைத்து, தன் தலையை மழையில் விட்டுவிட்டு பைக் ஓட்டி வந்தார். இன்னொருவர் கையில் வெறும் சங்கிலி மட்டும் இருந்தது. குட்டி ஓடிப்போய்விட்டதாம். அது பார்த்த எமதூதன் அதோடு போய்விட்டானா, வீட்டிலேயே தங்கிவிட்டானா என்று கேட்க வந்திருந்தார். இரண்டில் எதுவானாலும் தனித்தனிக் காணிக்கை என்றார் சாமி.

பைரவ சாமியின் பழைய பெயர் சுடலைக்கண்ணன். சயான் ஸ்டேஷன் படிக்கட்டில் மொபைல் கவர் விற்றுக்கொண்டிருந்தவர். ஒரு நாள் அவரை ஒரு நாய் கடித்தது. கடி வாங்கிய இவருக்கு அருள் வந்துவிட்டது. கடித்த நாய்க்கு என்ன வந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை.

சாமியின் சாஸ்திரம் சின்னது. குட்டி வீட்டுக்குள் எங்கே நனைக்கிறதோ, அங்கே எமதூதன் உட்கார்ந்திருக்கிறான். குட்டி முனகினால், அவனைப் பார்த்துவிட்டது. தாயை விட்டு வந்த குட்டிக்குக் குளிரும், பசிக்கும், பயமாயிருக்கும் என்பதற்கெல்லாம் அந்தச் சாஸ்திரத்தில் இடம் ஒதுக்கவில்லை. பரிகாரமும் சின்னதுதான். நனைத்த இடத்தில் மூன்று வேளையும் பைரவ தீர்த்தம் தெளிக்க வேண்டும். விளக்கு வைத்ததும் குட்டியைத் தனியாகக் கோழிப் பஞ்சாரத்துக்குள் போட்டுக் கவிழ்த்துவிட வேண்டும். யாரும் அதைத் தொடக் கூடாது, பார்க்கக் கூடாது, பேச்சுக் கொடுக்கக் கூடாது.

தீர்த்தம் மஞ்சளாக, பிளாஸ்டிக் பாட்டிலில் வரும். கற்பூர வாசமும் வேறொரு வாசமும் அடிக்கும். அந்த வேறொன்று என்ன என்று யாரும் கேட்பதில்லை. பக்தி நடக்கும் இடத்தில் மூக்குக்கு என்ன வேலை?

பரிகாரம் செய்த வீடுகளிலெல்லாம் ஓர் அதிசயம் நடந்தது. குட்டி தினமும் அதே இடத்தில், இம்மி பிசகாமல் நனைத்தது. முன்னைவிட அதிகமாக முனகியது. சாமி சொன்னது சத்தியமாகப் பலிக்கிறது என்று ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மருந்து சாப்பிட்டபின் நோய் முற்றினால் டாக்டரை அடிக்கப் போகிற ஊர்தான் இது. சாமி விஷயத்தில் கணக்கு வேறு.

பேச்சிராஜாவுக்குத் தோல் பை தைக்கும் கார்கானா. கீழே கார்கானா, மேலே ஒற்றை அறையில் குடித்தனம், அதற்கும் மேலே ஏணி வைத்து ஏறும் ஒரு பரண். எலிகள் தோலைக் கடித்துத் தொலைத்ததால், மாட்டுங்காவில் பை வாங்கும் கடைக்காரர் வீட்டிலிருந்து ஒரு குட்டியைக் கொண்டுவந்தார். பால்பேடா நிறத்தில் இருந்ததால் அவர் மனைவி மாரிசெல்வி அதற்குப் பேடா என்று பேர் வைத்தாள். முதல் எலியைப் பார்த்ததும் பேடா மாரிசெல்வியின் சேலைக்குள் புகுந்துகொண்டது. எலி சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போனது.

வந்த நாளிலிருந்து பேடா முனகியது. பேச்சிராஜா பாய் விரித்துச் சாப்பிடும் இடமாகப் பார்த்து நனைத்தது. அவர் இடத்தை மாற்றவில்லை, சாமியை அழைத்துவந்தார்.

சாமி வந்தார். ஈரத்தைப் பார்த்தார். பேடாவின் முனகலைக் கண்மூடிக் கேட்டார். எமதூதன் அல்ல, எமனே வந்திருக்கிறான் என்றார். உட்கார்ந்திருப்பது குடும்பத் தலைவரின் இடத்தில் என்பதால் ஆடி அமாவாசை தாண்டுவது கஷ்டம் என்றார். பரிகாரம் செய்து பார்க்கலாம். அமாவாசைக்குள் முனகல் நிற்காவிட்டால், எமனைப் பார்த்த அந்தக் கண்ணை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. குட்டியைப் புது வேட்டியில் சுற்றித் தம்மிடம் ஒப்படைத்துவிட வேண்டும், தாம் அதற்கு மோட்சம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். நல்ல ஜாதிக் குட்டிகளுக்கு மட்டும் இந்த மோட்சம் அடிக்கடி தேவைப்பட்டது. செம்பூரில் எந்தெந்த பங்களாவில், என்ன விலைக்கு அவை மோட்சம் அடைந்தன என்பது வேறு கதை.

பேச்சிராஜா அன்றே சாகத் தொடங்கிவிட்டார். நின்றுகொண்டே சாப்பிட்டார். ரோட்டைக் கடக்க வேண்டிய வேலைகளைத் தள்ளிப்போட்டார். கார்கானாவில் ஒவ்வொரு தையல் மெஷினாகத் தடவிக்கொடுத்து விடைபெற்றார். தோல் வெட்டும் முகைதீனைத் தனியாகக் கூப்பிட்டு, இனி எல்லாம் உன் பொறுப்பு என்று கண் கலங்கினார்.

முகைதீன் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "சேட், மாட்டுங்கா ஆர்டர் மட்டும் பாக்கி கெடக்கு. அத முடிச்சிட்டு சாவுங்களேன்" என்றான்.

மாரிசெல்விக்கு வேறு கவலை. கணவர் சாவார் என்று அவள் நம்பவில்லை. அவருக்குப் போன ஆவணியிலேயே ஜலதோஷத்தில் உயில் சொல்லிப் பழக்கம். ஆனால் பேடா போய்விடும் என்பதை நம்பினாள். தோசை சுடும்போது குதிகாலை நக்கிக்கொண்டு கிடக்கிற அந்த உயிரைப் புது வேட்டியில் சுற்றிக் கொடுப்பதை நினைத்தாலே அவளுக்குத் தோசை கருகியது. பரணில் பஞ்சாரத்துக்குள் அது ஊளையிட, ஏணியடியில் இவள் உட்கார்ந்து அழ, ஏறிப் போகவிடாமல் குறுக்கே பேச்சிராஜா நிற்க, அந்த வீட்டில் யார் அதிகம் முனகியது என்று எமனாலும் சொல்லியிருக்க முடியாது.

ஒரு காலையில் தீர்த்த பாட்டில் அவள் கைதவறி காஸ் சிலிண்டர் பக்கம் கொட்டிவிட்டது. அதுவரை சிலிண்டரைக் கண்டாலே பயந்து ஓடிய பேடா மெல்ல வந்தது. மோந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. உட்கார்ந்து நனைத்தது.

மாரிசெல்வி கரண்டியோடு நின்று யோசித்தாள். எமன் சமையல் பார்க்க வந்திருக்கிறானா?

அந்த இடத்தைச் சோப்புப் போட்டு, வாசம் போகக் கழுவினாள். மீதித் தீர்த்தத்தில் கொஞ்சத்தைப் பாத்திரம் கழுவவும் குளிக்கவும் அறை மூலையில் தடுத்திருந்த மோரியில் ஊற்றினாள். பேடா மோரிக்குப் போய் நனைத்தது. மறுபடியும் மோரிக்கே போனது. ஊர் முழுக்க விற்ற அந்தத் தீர்த்தத்தால் உலகத்துக்கு நடந்த ஒரே நன்மை, பேடா மோரிக்குப் போகக் கற்றுக்கொண்டதுதான்.

மத்தியானம் பேச்சிராஜா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் இன்னொன்றும் செய்து பார்த்தாள். தன் பழைய சேலையை மடித்துப் போட்டு, பேடாவைக் காலோரம் படுக்கவைத்து, முதுகில் கை வைத்தாள். பேடா முனகவில்லை. கொட்டாவி விட்டு, தூங்கி, குறட்டையும் விட்டது. எதிரே எமன் உட்கார்ந்திருக்கக் குறட்டை விடுகிற துணிச்சல், எலிக்குப் பயப்படுகிற பிராணிக்கு எங்கிருந்து வந்தது என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். கேட்டது போதுமானதாக இருந்தது.

கணவர் திரும்பியதும் எல்லாவற்றையும் காட்டினாள். அவர் மோரியையே வெறித்துப் பார்த்தார்.

"அப்ப எமன் மோரிக்கு மாறிட்டான், ஏட்டி. நா இனி குளிக்க மாட்டேன்."

மாரிசெல்வி தலையில் அடித்துக்கொள்ளவில்லை. தலை தன்னுடையது என்பது ஞாபகம் இருந்தது. கணவரிடம் ஓர் ஒப்பந்தம் போட்டாள். அமாவாசை அன்று சாமி முன்னால், எல்லாரும் பார்க்க, பேடாவை இறக்கிவிடுவாள். சாமி சாஸ்திரம் மெய்யென்று ஆனால் தன் கையாலேயே குட்டியை ஒப்படைத்துவிடுவாள். பொய்யென்று ஆனால் பேடா வீட்டில் இருக்கும், பஞ்சாரம் குப்பைக்குப் போகும், அவர் உட்கார்ந்து சாப்பிடுவார். பேச்சிராஜா ஒத்துக்கொண்டார். நின்று சாப்பிட்டு அவருக்கும் கால் வலித்தது.

ஆடி அமாவாசைச் சாயங்காலம் மழை வெறித்திருந்தது. சந்துக்குள் கால் வைக்க இடமில்லை. குர்லா பஜாரில் வாங்கிய புலிவரிக் கம்பளத்தில் சாமி அமர்ந்திருந்தார். சாமி வருவதற்கு முன்பே மாரிசெல்வி வந்து, இடத்தைப் பெருக்கி, கம்பளத்தைத் தட்டி விரித்துச் சேவை செய்துவிட்டுப் போயிருந்தாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பக்தையா என்று தாணேக்காரர்கள் நெகிழ்ந்திருந்தார்கள்.

அவள் முறை வந்தது. புது வேட்டியோடு பேச்சிராஜா பின்னால் நின்றார்.

"சாமி, ஒரு சந்தேகம். குட்டி பொய் சொல்லுமா?"

"பைரவர் வாகனம் தாயீ. மனுசன் பொய் சொல்லுவான், அது சொல்லாது."

"அது நனைக்க எடத்துல எமன் இருக்கது நெசந்தான?"

"அதுல என்ன சந்தேகம். கல்லு மாதிரி நெசம்." சாமி கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். கேட்டுக்கொண்டார்கள்.

மாரிசெல்வி பேடாவைத் தரையில் இறக்கினாள். வரும் வழியில் அதற்கு வயிறு முட்டத் தண்ணீர் காட்டியிருந்தாள். பேடா தேங்காயை மோந்தது. உண்டியலை மோந்தது. பிறகு, சொந்த வீட்டுக்குத் திரும்புகிற பிள்ளை மாதிரி நேராகக் கம்பளத்தில் ஏறியது. சாமியின் முழங்காலை ஒட்டி ஒரு சுற்றுச் சுற்றியது. உட்கார்ந்தது. தாராளமாக, நிதானமாக, யாருக்கும் சந்தேகம் மிச்சம் வைக்காமல் நனைத்தது.

சந்தே எட்டிப் பார்த்தது. பேச்சிராஜாதான் முதலில் வாய் திறந்தார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"சாமி, உங்களுக்குமா? அமாவாசை இன்னைக்குத்தானே."

யாரோ சிரித்தார்கள். சாமி சிரிக்கவில்லை. தம்முடைய சக்திக்கு அஞ்சி எமன் தம் காலடியில் சரணடைய வந்திருப்பதாக விளக்கினார்.

"எங்க வீட்டு மோரிலயும் சரணடையத்தான் வந்தானா?" என்றாள் மாரிசெல்வி. இடுப்பிலிருந்து காலி பாட்டிலை எடுத்து உயர்த்திக் காட்டினாள். "சிலிண்டர் பக்கம் ஊத்துனேன், அங்க நனைச்சிது. மோரில ஊத்துனேன், மோரிக்குப் போச்சி. இன்னைக்கு இந்தக் கம்பளத்துல ஊத்துனேன். எமன் எங்கயும் வரல. வாசந்தான் வருது. நா சொல்லுதத நம்ப வேண்டாம். பாட்டிலும் குட்டியும் உங்க கையிலயும் இருக்குல்லா, ஊத்திப் பாருங்க."

ஜனங்கள் ஊற்றிப் பார்த்தார்கள். ஒருவர் சாமியின் செருப்பில் ஊற்றினார். காட்கோபர்க் குட்டி செருப்புக்குப் போனது. இன்னொருவர் உண்டியலில் ஊற்றினார். தாணேக் குட்டி உண்டியலுக்குப் போனது. மூன்றாமவர் பதற்றத்தில் சாமியின் மடியிலேயே ஊற்றிவிட்டார். திலக் நகர்க் குட்டிகள் வரிசையில் நின்றன. தண்ணீர் லாரிக்குக்கூட அந்தச் சந்தில் அவ்வளவு ஒழுங்காக வரிசை நின்றதில்லை. வெறும் சங்கிலியோடு வந்தவர் மட்டும், தனக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்று ஏங்கினார்.

கூட்டத்திலிருந்து ஒரு பக்தை விம்மலோடு முன்னால் வந்தாள். போகட்டும், இது பசுவின் கோமியமா என்பதை மட்டுமாவது சொல்லிவிடுங்கள், மனசு ஆறிவிடும் என்றாள்.

நனைந்துபோயிருந்த சாமி, அருள் வந்த நாளுக்குப் பிறகு முதன்முதலாக ஓர் உண்மை சொன்னார்.

"பசுவுக்கு நா எங்கம்மா போவேன்? தபேலா தொழுவத்துல எரும மாடுதான் கெடைச்சிது."

அவ்வளவுதான். ஏமாந்தது தெரிந்தபோது சிரித்த கூட்டம், எருமை என்று தெரிந்தபோது கொதித்தது. எமனை விரட்டுவதற்கு எமனுடைய வாகனத்தின் மூத்திரத்தையே காசு கொடுத்து வாங்கி, தினம் மூன்று வேளை வீட்டில் தெளித்திருக்கிறார்கள். பசுவாக இருந்திருந்தால் இன்னும் ஒரு வருஷம் தெளித்திருப்பார்கள்.

சாமி உண்டியலை விட்டுவிட்டு ஓடினார். மனிதர்கள் சந்து முனையோடு நின்றுவிட்டார்கள். தெருநாய்கள் நிற்கவில்லை. அவர் எங்கே மூச்சு வாங்க நின்றாலும், அவரை ஒரு கம்பமாக மதித்து ஒவ்வொன்றும் காலைத் தூக்கியது. சயான் ஸ்டேஷன் வரைக்கும் அந்த ஊர்வலம் போனதாகச் சொல்கிறார்கள். ரயில் வந்ததும் நாய்கள் மட்டும் திரும்பிவிட்டன. அவற்றிடம் டிக்கெட் இல்லை.

மறுநாள் மத்தியானம் பேச்சிராஜா பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிட்டார். பேடா அவர் பக்கத்தில், பழைய சேலையில் சுருண்டு, சத்தமே இல்லாமல் தூங்கியது. அவர் இடது கை தன்னால் போய் அதன் முதுகில் உட்கார்ந்துகொண்டது. இருந்தாலும் மனிதருக்கு ஒரு சின்ன அரிப்பு பாக்கி இருந்தது.

"அப்ப எமன் எனக்கு வர மாட்டானா?"

"வருவான். எல்லாருக்கும் வருவான்" என்று மோர் ஊற்றினாள் மாரிசெல்வி. "ஆனா நாய்க்குட்டிட்டச் சொல்லிட்டு வர மாட்டான்."

கதை இங்கே முடிந்திருந்தால் ஊருக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை மாரிசெல்வி கதவைத் திறந்தபோது, வாசலில் எலுமிச்சம்பழங்கள் குவிந்து கிடந்தன. கீழே ஒரு கூட்டம் கைகூப்பி நின்றது. போலிச் சாமியை ஒரே பார்வையில் விரட்டிய மாரியம்மையை அவர்கள் தரிசிக்க வேண்டுமாம். அவள் எலுமிச்சம்பழங்களை ஊறுகாய் போட்டாள். கூட்டத்தை வீட்டுக்குப் போகச் சொன்னாள். அதையும் அருள்வாக்கு என்று எடுத்துக்கொண்டு, கன்னத்தில் போட்டபடி போனார்கள்.

பேடா இப்போது மோரியைத் தவிர வேறெங்கும் போவதில்லை. ஒரு குட்டி நாய்க்கு முனகலை நிறுத்தி இடத்தைப் பழக்குவதற்குச் சேலை ஒன்றும், சோப்பு ஒன்றும், மோரியில் ஊற்றிய கொஞ்சம் வாசமும், கொஞ்சம் பொறுமையும் போதுமானதாக இருந்தது. அதற்கு மூக்கு ஒன்றுதான் இருக்கிறது, அதை அது தினமும் உபயோகிக்கிறது. நமக்கு மூக்குக்கு மேலே இன்னும் ஒன்று வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். சும்மா கிடக்கிற சாமான்தானே, ஒரு நாள் எடுத்துத்தான் பாருங்களேன்.