மூன்றும் சேர்ந்தால் ஆயில் என்ஜின்

என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய கெடுதல்கள் எல்லாமே நல்லது செய்யப் போன இடத்தில் நடந்தவைதான். கெடுதல் செய்ய வேண்டும் என்று கிளம்பியிருந்தால் இத்தனை நேர்த்தியாகச் செய்திருக்க மாட்டேன். பாதி வழியில் பயந்து திரும்பியிருப்பேன். நல்லது செய்யப் போகிறவனுக்குத்தான் பயமே கிடையாது.

பிள்ளைகளே, அப்பா கம்பெனி வேலைக்கு வருவதற்கு முன்னால் கவர்மெண்டு வேலை பார்த்தது உங்களுக்குத் தெரியும். அதை ஏன் விட்டேன் என்று கேட்டால் உங்கள் அம்மா சிரிப்பாள், நான் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொள்வேன். இப்போது நீங்கள் விவரம் தெரிந்த வயதுக்கு வந்துவிட்டீர்கள். வேறு யாராவது கண், மூக்கு வைத்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. எஸ்.எஸ்.எல்.சி. தேறி (இரண்டாவது முயற்சியில், இது உங்கள் மாமாவுக்குத் தெரிய வேண்டாம்) கிராம சேவக் வேலையில் சேர்ந்தேன். பூந்தமல்லிப் பக்கத்துக் கிராமங்களுக்கு சைக்கிளில் போய் விவசாயிகளுக்குப் புத்தி சொல்கிற வேலை. அதுவரை எனக்கும் வயலுக்கும் இருந்த உறவு, ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான். சில மாதம் பயிற்சி கொடுத்தார்கள். முடித்து வந்தபோது, பூமாதேவியே என்னிடம் யோசனை கேட்டுத்தான் விளைகிறாள் என்பது போல நடந்தேன்.

அம்பத்தூர், பாடிப் பக்கம் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த நேரம் அது. கட்டடத்துக்குச் செங்கல் வேண்டும், செங்கல்லுக்கு மண் வேண்டும். அதனால் குத்தம்பாக்கத்துப் பக்கம் செங்கல் சூளைகள் முளைத்தன. மழை பொய்த்த வருஷம் பார்த்து சூளைக்காரர் வரப்பில் வந்து நிற்பார். கழனியின் மேல் மண்ணை ஆள் உயரத்துக்கு வெட்டி எடுத்துப் போவார். பிறகு அந்தப் பள்ளத்தில் தவளைதான் விளையும்.

இதைத் தடுக்க எங்கள் ஆபீசில் ஒரு திட்டம் வந்தது. மண்ணுக்கு உயிர் கொடுக்கிற காரியங்கள் மூன்று. ஒன்று, எருக்குழி வெட்டிக் குப்பையையும் சாணத்தையும் மக்க வைப்பது. இன்னொன்று பசுந்தாள் உரம், அதாவது சணப்புச் செடி விதைத்து, அது பச்சையாக நிற்கும்போதே மடக்கி உழுவது. மூன்றாவது ஆட்டுக்கிடை. அதாவது ஆட்டு மந்தையை இராத்திரி கழனியிலேயே பட்டி கட்டி அடைப்பார்கள். ஆடுகள் தூங்கிக்கொண்டே எருப் போடும். விடிந்ததும் மேய்ச்சலுக்கு ஓட்டிவிடுவார்கள்.

எருக்குழி வெட்டினால் தென்னங்கன்று. சணப்புக்கு விதை இலவசம். கிடைக்கு ஆகிற கூலியில் பாதியை நாங்கள் கொடுப்போம். ஆனால் இந்த மூன்றையும் ஒரே கழனியில் சேர்த்துச் செய்து காட்டுகிற விவசாயிக்கு, எங்கள் வட்டாரத்துக்கு ஒதுக்கியிருந்த ஒரே ஒரு ஆயில் என்ஜின், கிணற்றில் தண்ணீர் இறைக்க, மானியத்தில் கிடைக்கும். மேலதிகாரி வந்து மூன்றையும் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

எனக்குக் கிடைத்தவர் ஏகாம்பரம். குத்தம்பாக்கத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். நாற்பது வயது இருக்கும், பார்த்தால் ஐம்பது சொல்லலாம். அவர் கிணற்றில் தண்ணீர் இருந்தது. அதை மேலே கொண்டுவரத்தான் வழியில்லை. ஏற்றம் இறைத்து இறைத்து முதுகு போயிருந்தது. இரண்டு பக்கத்துக் கழனியும் சூளைக்குப் போய்விட, அவருடையது மட்டும் நடுவில் மேடை போல நின்றது.

"மூணையும் செஞ்சா என்ஜினு நிச்சயமா வருமா சாரு?" என்று கேட்டார்.

"நான் இருக்கேன் அண்ணே" என்றேன். (யாராவது இப்படிச் சொன்னால் நீங்கள் உடனே அந்த இடத்தை விட்டு எழுந்துவிட வேண்டும்.)

"வந்தா நான் நின்னுக்குவேன். வரலைன்னா மண்ண சூளக்காரனாண்ட உட்டுட்டு, அவனாண்டயே செங்கல்லு அறுக்கப் போவணும். வேற இன்னா பண்றது?"

பக்கத்தில் அவர் மனைவி மரகதம் நின்றிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். என் பேண்டில் மடிப்புக் கலையாமல் இருந்தது அவருக்குச் சரியாகப் படவில்லை என்று நினைக்கிறேன்.

புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து எருக்குழி வெட்டினார்கள். சணப்பு விதைத்தார்கள். ஒரு மழை விழுந்ததும் அது முழங்காலுக்கு மேலே வந்து, பார்க்கிறவர் கண்ணுக்குக் குளிர்ச்சியாக நின்றது. கிடைதான் தாமதம். வருஷா வருஷம் அந்தப் பக்கம் மந்தையோடு வருகிற துரைக்கண்ணு, அதிகாரி வருகிற வாரத்தில்தான் வந்து சேர்ந்தார். முறைப்படி கிடை ஒரு காலம், சணப்பு ஒரு காலம். எனக்கோ மூன்றையும் ஒரே பார்வையில் காட்ட வேண்டும். சணப்புக்குப் பக்கத்திலேயே வெறுமனே கிடந்த மூலையில் பட்டி கட்டச் சொன்னேன். நடுவில் ஒரு மூங்கில் தட்டி. என் மூளையை நானே தட்டிக்கொடுத்தேன்.

அதிகாரி பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் மழை. சணப்பு இலையில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. விடிந்து வெயில் ஏறியதும் துரைக்கண்ணு கோலோடு வந்தார்.

"ஓட்டிகினு போறேன் சாரு. பசில கத்துதுங்க."

"இருய்யா. பட்டியில ஆடு நின்னாத்தானே கிடைன்னு ஒத்துப்பாரு?"

"ராத்திரி போட்ட கெடைக்குப் பகல்ல இன்னாத்துக்கு ஆடு? புழுக்கை கீது பாரு, அதக் காட்டு."

"அவ்வளவு பெரிய அதிகாரிகிட்ட புழுக்கையக் காட்டச் சொல்றியா?"

"அவரு ஆட்ட வாங்கவா வராரு?"

பத்து மணி போனது. பன்னிரண்டும் போனது. அதிகாரிக்கு வேறு ஊரில் சாப்பாடு என்று சைக்கிளில் ஆள் வந்து சொன்னான். ஆடுகள் கத்திக் கத்தி, பிறகு கத்துவதையும் நிறுத்திவிட்டுத் தட்டியின் ஓட்டை வழியாகச் சணப்பையே பார்த்துக்கொண்டு நின்றன. ஏகாம்பரம் இரண்டு தடவை என்னிடம் வந்தார். "உட்டுடலாமே சாரு, பாவம்" என்றார். என்ஜின் வேண்டாமா என்று கேட்டேன். அவர் திரும்பிப் போய்ப் பட்டியோரம் உட்கார்ந்துகொண்டார்.

இந்த இடத்தில் வரவேற்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதிகாரி வந்தால் ஊரே உற்சாகமாக இருக்க வேண்டும் என்று ஆபீசில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உற்சாகத்துக்கு நான் திருமழிசையிலிருந்து பேண்டு செட்டு பேசியிருந்தேன். கூடவே ஒரு நீளச் சரவெடி. ஜீப் வரப்போரம் வந்து நின்றதும் நான் கையைத் தூக்கிக் காட்டினேன். டிரம் அடிக்கிறவர் ஆடுகளைவிடப் பசியோடு இருந்தார் போலிருக்கிறது. மொத்தக் கோபத்தையும் டிரம்மில் காட்டினார். சரவெடி பட்டிக்குப் பத்தடி தள்ளி வெடித்தது.

மந்தை தட்டியோடு எழுந்து வந்தது. தாண்டி வந்தது என்று எழுதினால் பொய். தட்டியைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு வந்தது. பாதி சணப்பில் விழுந்தது. மீதி தலைதெறிக்க ஓடி எருக்குழியில் இறங்கியது. நான் முன்னால் போன கிடாவைப் பிடிக்கப் பாய்ந்தேன். கிடா திரும்பிக்கொண்டது. நான் திரும்பவில்லை. அதிகாரி ஜீப்பிலிருந்து காலை எடுத்து வைத்தபோது, திட்டத்தின் சார்பில் அவரை வணங்கி வரவேற்றது, மார்பளவு சாணத்தில் நின்றுகொண்டிருந்த உங்கள் அப்பா. தோளில் ஒரு குட்டி. பேண்டு வாத்தியம் நிற்கவேயில்லை. நிறுத்தச் சொல்ல வேண்டியவன் குழிக்குள் அல்லவா இருந்தேன்.

அதிகாரி கழனியைச் சுற்றிப் பார்த்தார். முழங்கால் உயரம் நின்ற பச்சை, மொட்டைக் குச்சியாகிக்கொண்டிருந்தது.

"பசுந்தாள் உரம் எங்கேய்யா?"

 ஏகாம்பரம் ஆடுகளைக் காட்டினார். "அதுங்க உள்ள கீது சார்."

பேண்டுக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. நான் குழியிலிருந்தபடியே, சணப்பு ஆட்டுக்குப் போனாலும் எருவாகத் திரும்பி மண்ணுக்குத்தான் வரும், ஆகவே திட்டப்படி மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது என்று விளக்கம் சொன்னேன். (அப்படியே சொன்னேன். சத்தியம்.)

"நின்ற பயிரை நான் பார்க்கணும். பார்க்காததைப் பார்த்தேன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் அவர். நியாயம்தான். ஜீப் திரும்பிப் போனது.

இதுவரை நடந்ததற்கு நீங்கள் சிரிக்கலாம். உங்கள் அம்மாவும் இதுவரைதான் சிரிப்பாள்.

காலி வயிற்றில் ஈரப் பச்சையை அள்ளி அள்ளித் தின்ற ஆடுகளுக்குச் சாயங்காலத்துக்குள் வயிறு உப்ப ஆரம்பித்தது. இடது விலா டிரம் மாதிரி எழும்பியது. நின்ற இடத்திலேயே காலை விரித்துக்கொண்டு மூச்சு வாங்கின. மரகதம் வீட்டிலிருந்த நல்லெண்ணெயை எல்லாம் கொண்டுவந்தார். பிறகு விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயையும் கொண்டுவந்தார். துரைக்கண்ணு மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்ட, ஏகாம்பரமும் நானும் வாயைப் பிளந்து பிடித்தோம். சில பிழைத்தன. சில எங்கள் கையிலேயே போயின. அதில் சினையாடுகளும் இருந்தன.

துரைக்கண்ணு அழவில்லை. செத்தவற்றை வரப்போரம் வரிசையாகப் படுக்க வைத்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என்னிடம் சொத்து என்று இருந்தது சைக்கிள் ஒன்றுதான். தள்ளிக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினேன்.

"இதை வச்சுக்கய்யா."

அவர் சைக்கிளைப் பார்த்தார். "இது இன்னா, குட்டி போடுமா?" என்றார். மீதி ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

மரகதம் எண்ணெய்க் கையை மண்ணில் தேய்த்துக்கொண்டே முதல் தடவையாக என்னிடம் பேசினார். "மோளம் அடிச்சிகினு வந்து எங்க குடியக் கெட்த்தியே நைனா. ஒண்ணொண்ணா செய்ய உட்டிருந்தா நாங்களே செஞ்சிருப்போமே."



ஆயில் என்ஜின் வேறு ஊருக்குப் போனது. அது நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது அடுத்த வருஷம் நடந்தது. அந்த ஊருக்கு மந்தையே வரவில்லை. அங்கே போனால் ஆட்டைப் பட்டினி போட்டு வெடி வைத்துக் கொல்கிறார்கள் என்று ஆட்டுக்காரர்களிடையே பேச்சுப் பரவிவிட்டது. எந்த மந்தையும் அந்த ஊர் எல்லையில் திரும்பிவிடும். எங்கள் திட்டம் வருவதற்கு முன்னால், யாரும் ஊக்கம் கொடுக்காமலே அந்த ஊரில் நடந்துகொண்டிருந்தது கிடை ஒன்றுதான். அதையும் ஊக்கம் கொடுத்து நிறுத்திவிட்டேன்.

அதற்கு மறு வருஷம் மழையும் இல்லை. ஏகாம்பரம் மண்ணைச் சூளைக்கு விட்டார். நான் ஒரு தடவை அந்த வழியாகப் போனேன். மேடை போல நின்ற கழனி பள்ளமாகியிருந்தது. அந்தப் பள்ளத்துக்குள்ளே அவரும் மரகதமும் குந்தி, தங்கள் மண்ணை அச்சில் அடைத்துக் கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். கொஞ்ச நாளில் வேலையையும் விட்டேன். விட்டேன் என்பது நான் சொல்வது. ஆபீசில் வேறு மாதிரி சொல்வார்கள்.

எழுபதுகளின் நடுவில், கம்பெனியில் லோன் போட்டு மண்ணூர்பேட்டையில் நாம் இந்த வீட்டைக் கட்டினோம். செங்கல் லாரி வந்தது. கல் இறக்க மேலே நின்றவர் ஏகாம்பரம். முடி வெளுத்திருந்தது. என்னை அடையாளம் தெரியாது என்று நினைத்து நான் மணல் குவியலுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"இன்னா சாரு, ஒளிஞ்சிகினு கீற? உன் ஊடா?"

"ஆமாம் அண்ணே" என்று வெளியே வந்தேன். உங்கள் அம்மா அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, ஒரு கல்லை எடுத்து இன்னொரு கல்லில் தட்டினார். கணீரென்றது.

"நம்ம மண்ணுதான். கடைசியா வெட்டினது. நல்ல மண்ணு சாரு, நம்பிக் கட்டு."

சொல்லிவிட்டுக் கடைசிக் கல் வரை அவரே இறக்கி அடுக்கினார். ஒன்றுகூட உடையவில்லை. அம்மா அன்றைக்குத்தான் என்னை உட்காரவைத்து முழுக் கதையையும் கேட்டாள்.

நம் வீட்டு மேற்குச் சுவர் ஐப்பசி மழையில் ஊறி, உள்பக்கம் ஈரம் கோத்துக்கொள்கிறது அல்லவா? அப்போதெல்லாம் அம்மா அடுப்படியிலிருந்து, "ஏகாம்பரம் கழனிக்குத் தண்ணி வந்துடுச்சு!" என்று குரல் கொடுப்பாள். நீங்களும் கூடச் சேர்ந்து கத்துவீர்கள். யார் அந்த ஏகாம்பரம், எந்தக் கழனி என்று நீங்கள் கேட்டதில்லை. சுவருக்கு ஏதோ செல்லப் பேர் என்று நினைத்திருப்பீர்கள்.

கொத்தனார் இரண்டு தடவை வந்து, சிமெண்டு பூசினால் ஈரம் நின்றுவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான்தான் இன்னும் பூசச் சொல்லவில்லை.