டிரைவ்வே மாலுமி

ஆக்லாந்துத் தமிழரில் ஓர் இனம் உண்டு. மற்றவர்கள் வீட்டு வாசல் டிரைவ்வேயில் கார் நிற்கும். இவர்கள் வீட்டு டிரைவ்வேயில் நீலத் தார்ப்பாய் போர்த்திய சின்னப் பாய்மரப் படகு ஒன்று டிரெய்லர் மேல் நிற்கும். கார் தெருவில் நிற்கும். அந்தப் படகு கடைசியாக எப்போது தண்ணீரைப் பார்த்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். காற்று சரியில்லை என்பார்கள். எந்த வருஷத்துக் காற்று?

த்ரீ கிங்ஸ் பேட்டை வரதராஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் கம்ப்யூட்டர் கம்பெனி, மாலையில் கேப்டன். பிறந்தநாள் விருந்துக்குப் போன இடத்தில் யாருடைய துப்பட்டாவையாவது கேட்டு வாங்கி, நாற்காலிக் காலில் மாலுமி முடிச்சுப் போட்டுக் காட்டி, எல்லோரும் கைதட்டிய பிறகு அவிழ்க்கத் தெரியாமல் கத்தரிக்கோல் தேடுகிறவர் அவர்தான். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உப்பு வலது பக்கம் இருக்காது, ஸ்டார்போர்டு பக்கம் இருக்கும். நீச்சல் தெரியுமா என்றால், அது படகு கவிழ்ந்தால்தானே என்பார்.

படகு வாங்கியபோது மகள் பிரணவி பள்ளிச் சிறுமி. அடுத்த சம்மரில் போகலாம் என்றார். சம்மர்கள் வந்தன, போயின. ஒன்றில் மழை, ஒன்றில் மச்சினன் கல்யாணம். இப்போது அவள் பிப்ரவரியில் டனீடினுக்குப் படிக்கப் போகிறாள். தேசத்தின் தென்கோடிப் பக்கம் அது. போனால் இனி விருந்தாளி மாதிரிதான் வருவாள். அதை நினைத்தாலே வரதராஜன் வாசலுக்குப் போய்த் தார்ப்பாயை இழுத்துச் சரிசெய்வார். எப்படியாவது அவளை ஒரு தடவை படகில் ஏற்றிவிட வேண்டும் என்று, அந்த ஊர் சம்மரான ஜனவரியில், ரொட்டோருவா பக்கம் ஏரிக்கரையில் சில நாளைக்கு வீடு எடுத்தார்.

மனைவி சிந்துவும் ஒரு முடிவோடுதான் கிளம்பினார். "இந்தத் தடவையும் ஓடலைன்னா வித்துடலாங்க. அந்த இடத்துல காரையாவது நிறுத்தலாம்."

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிப் புறப்பட்ட படகு, படகு இறக்கும் ஏரிக்கரைச் சரிவுக்கு வந்து சேர்ந்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் டிரெய்லர் இடப்பக்கம் போகும் என்பது வீடியோவில் பார்த்துப் பார்த்து மனப்பாடமான பாடம். இங்கே அது நேராகக் குப்பைத்தொட்டியை நோக்கிப் போயிற்று. திருப்பினார்; மறுபடியும் குப்பைத்தொட்டி. பின்னால் வரிசையில் நின்ற உள்ளூர்க்காரர்கள் ஹாரன் அடிக்கவில்லை, சிரிக்கவில்லை, அவசரமே இல்லை என்று கையைக் காட்டினார்கள். அந்த மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஒருவழியாகப் படகு தண்ணீரில் இறங்கியது. பாய்மரம் நிமிர்ந்தது. லைஃப் ஜாக்கெட்டுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, காற்றைப் பற்றி வரதராஜன் சொற்பொழிவைத் தொடங்கினார்.

"அப்பா, மை ஃபீட் ஆர் வெட்," என்றாள் பிரணவி.

படகின் பின்பக்கம், அடியில், மழைத்தண்ணீர் வடிவதற்கு ஒரு துளை இருக்கும். ஏரியில் இறக்குமுன் அதை மூடியால் அடைக்க வேண்டும். மூடி எங்கே? த்ரீ கிங்ஸில், சாமி அலமாரியில். ஆயுத பூஜையன்று முழுப் படகையும் சாமி முன்னால் கொண்டுவந்து வைக்க முடியுமா? அதனால் பிரதிநிதியாக மூடியைக் கழற்றிச் சந்தனம் பூசி வைத்தவர் கேப்டன். அது என்னவென்றே தெரியாமல் வெள்ளிக்கிழமை தவறாமல் புதுக் குங்குமம் இட்டுவந்தவர் சிந்து. அந்த வட்டாரத்திலேயே அவ்வளவு புனிதமான மூடி வேறு எந்தப் படகுக்கும் இருந்திருக்காது.

மூவரும் முழங்கால் நனையப் படகை டிரெய்லருக்கு இழுத்தார்கள். வரதராஜன் முகத்தில் ஈயாடவில்லை. காற்று சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தார். மகளைப் பார்த்ததும் அது வரவில்லை. "மறந்துட்டேன்டா," என்றார்.

சிந்து காருக்குப் போனார். மதியக் குருமாவுக்கு வாங்கிய காரட்டில் தடியானதாக ஒன்றை எடுத்துச் சீவி, துளைக்குள் வைத்து, செருப்பால் இரண்டு போடு போட்டார்.

காரட் நின்றது. படகு மறுபடி இறங்கியது. பாய் உப்பியது. சுக்கானைப் பிரணவி பிடித்தாள், கயிற்றைச் சிந்து பிடித்தார். கேப்டனுக்கு? படகின் அடியில் குத்தவைத்துத் துளைமேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு, காரட் நகர்கிறதா என்று பார்க்கும் வேலை. ஏரியின் அழகில் அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. தலைக்குமேல் மகள் சிரிப்பது மட்டும் கேட்டது. அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததே இல்லை.

அடுத்த வாரம் கோயில் ஹாலில், ஆபத்து நேரத்தில் காரட்டை உபயோகிப்பது அனுபவஸ்தர்கள் கையாளும் முறை என்று நாலு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற சிந்து பிரசாதத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் படகு இல்லை, ரொம்பச் சரி. கராஜில் துணி காயப்போடும் டிரெட்மில்? உறை பிரிக்காத கூடாரம்? அடுத்த சம்மரில் என்று யாரிடமாவது சொல்லி வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் தார்ப்பாயை எடுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையும் பெட்டி கட்டத் தொடங்கியிருக்கும்.