‘கீ’ என்றால் கீர்த்தியழகன்

மூலம் காண்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. வைத்தியரிடம் காட்டுகிற மூலம் இல்லை; அது வந்தவர் வெளியே சொல்லமாட்டார், இவர் சொல்லாமல் விடமாட்டார். எந்தச் சாமானைக் கண்டாலும் அதன் பூர்வோத்தரத்தை எடுத்துவிடாவிட்டால் இவருக்குத் தலை வெடித்துவிடும். ‘தெரியாது’ என்ற ஒரு சொல்லைத் தவிர தமிழில் எல்லாச் சொல்லும் தெரியும்.

நம் பேராசிரியரைப் பாருங்கள். பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குத் தலைவர். அங்கே மூன்று கால், நடுவில் குழி, விளிம்பில் ‘கீ’ என்று ஓர் எழுத்தோடு ஒரு மரச்சாமான், ‘பயன் தெரியவில்லை’ என்ற அட்டையைச் சுமந்துகொண்டு நின்றது. பொறுப்பாரா? அட்டையைக் கிழித்தார். ‘கீ’ என்றால் கீர்த்தியழகன் என்றார். அப்படி ஒரு மன்னன் இருந்தானா என்று கேட்டவர்களிடம், இல்லாமலா மரத்தில் பெயர் இருக்கிறது என்றார். அந்தக் குழியில்தான் மன்னன் கிரீடத்தைக் கழற்றி வைப்பான் என்றார். அப்புறம் கிரீடத்துக்கு ஒரு தலை, தலைக்கு இரண்டு ராணிகள், ராணிகளுக்குள் சண்டை என்று கண் காது மூக்கு வைத்து ஒரு வம்சத்தையே உண்டாக்கிவிட்டார்.

“தெரியலன்னு சொன்னா என்னங்க குறைஞ்சிடும்?” என்றார் மனைவி.

“பதவி போயிடும்! நாளைக்கு என் பேச்சக் கேட்டுட்டுத்தான் துணைவேந்தர் ரெண்டு வருஷம் நீட்டிப்பு தர்றதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாரு.”

மறுநாள் துணைவேந்தருக்குப் பக்கத்து நாற்காலியில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

பேராசிரியரின் பேச்சு அமர்க்களம். அந்த மூன்று கால் மரச்சாமானும் மேடையில் அவர் பக்கத்திலேயே நின்றது. மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்காமலிருக்க, தன் மேசையில் வெகுகாலமாகக் கிடந்த கருங்கல் குண்டைக் கொண்டுவந்திருந்தார். மூத்த ராணி கோபித்துக்கொண்டு போகிற கட்டம். தாளைப் புரட்டுவதற்காகக் கல்லைத் தூக்கியவர், போகிற போக்கில் அதை அந்த மரக்குழியில் வைத்தார்.

டக்!

கச்சிதமாகப் பொருந்திவிட்டது. கல்லின் ஓரத்தில் ‘மே’. அதற்கு நேர் கீழே மரத்தில் ‘கீ’.

“மேல்... கீழ்...” மனைவி தன்னையறியாமல் படித்துவிட்டார். “அடக் கடவுளே, கல்லு மேல, கட்டை கீழயா? இது வெறும் தாங்கியா?”

அரங்கத்தில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. துணைவேந்தர் நிமிர்ந்தார். “அப்படியா சார்?”

வாழ்க்கையில் முதல் தடவையாக ‘தெரியாது’ அவர் நாக்கு நுனிவரை வந்தது. எட்டிப் பார்த்தது. திரும்பிப் போய்விட்டது.

“‘மே’ன்னா மேகவல்லி, மூத்த ராணி! கோவிச்சுக்கிட்டுப் போனவங்க, கடைசியில ராஜா தலைமேலயே வந்து உக்காந்துட்டாங்க!”

கைதட்டல் காதைப் பிளந்தது. “நான் அப்பவே நினைச்சேன்,” என்றார் துணைவேந்தர். நீட்டிப்பு கிடைத்துவிட்டது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். தெருவில் வழி கேட்டவரிடம் ‘தெரியாது’ என்று நீங்கள் கடைசியாகச் சொன்னது எப்போது? நினைவில்லையா?

சரிதான். உங்களுக்கும் இரண்டு வருஷம் நீட்டிப்பு.