மேலறையில் ஒன்பது வௌவால்கள்

இந்த நிகழ்ச்சியைக் கேட்பவர் மூன்று செய்திகளை முன்னதாகவே அறிந்திருத்தல் நலம். முதலாவது, இதன் நாயகர் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துபவர். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைத் திருத்திக் கொடுத்தவர். தம் வீட்டுக்குள் நடப்பது மட்டும் அவர் கண்ணில் படுவதில்லை. இரண்டாவது, அவருடைய மனைவி நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். ஒரு கோடு நூலிழை விலகினாலும் கண்டுபிடித்துவிடுவார். குளிர்காலம் பிறந்தால் பறவைப் பித்து தலைக்கேறிவிடும். மூன்றாவது, வீட்டின் கூரைக்கடியில் ஒரு மேலறை உண்டு. அதில் ஏரியைப் பார்த்தபடி ஒரு சன்னல் உண்டு. அந்தச் சன்னலை யாரும் நெருங்க முடியாதபடி கண்ணாடிக்காரரின் நாற்பத்து மூன்று பெட்டிகளும் உண்டு. உடைந்த சட்டங்கள், ஒரு பக்கம் மட்டும் தெரியும் தொலைநோக்கிகள், என்றாவது உதவும் என்று இருபது ஆண்டுகளாக எதற்கும் உதவாமல் கிடக்கும் திருகாணிகள். உலகத்தில் அவர் தம்முடையது என்று சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே இடம் அந்த மேலறைதான்.

அந்த ஆண்டு ஏரிக்கு வாத்துகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின. மனைவி தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார், பேச்சையும் தொடங்கினார்.

"என்னங்க, விலங்கு பார்ப்போர் சங்கத்துல குளிர்காலக் கணக்கெடுப்பு ஆரம்பிக்கப் போறாங்க. நம்ம மேலறை சன்னல் மாதிரி இடம் இந்தத் தெருவுலேயே இல்லையாம்."

"நல்லது. தெருவுக்கே பெருமை."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள பெட்டியெல்லாம் இறக்கிடுங்க."

கண்ணாடிக்காரர் தேநீரை விழுங்கினார். கூடவே கொஞ்சம் மூச்சையும் விழுங்கினார். மனைவியை எதிர்த்து வென்ற கணவன் யாரும் அவருக்குத் தெரிந்த வட்டாரத்தில் இல்லை. ஆகவே, மனைவியின் பலத்தோடு மோதாமல் அவருடைய இரக்கத்தோடு மோதுவது என்று முடிவு செய்தார். கடையில் கூட்டமில்லாத மதிய வேளைகளில் வௌவால்களைப் பற்றிய நூல் ஒன்றைக் கரைத்துக் குடித்தார். குளிர்காலம் முழுவதும் வௌவால் உறங்கும். உறக்கம் கலைந்தால் உடலில் சேர்த்துவைத்த கொழுப்பு கரைந்து இறந்தும் போகலாம். ஆகவே அது உறங்கும் இடத்தில் ஒரு பொருளையும் அசைக்கலாகாது. கடைசி வாக்கியத்தை அவர் இரண்டு முறை படித்தார். இரண்டு முறையும் இனித்தது.

மறுநாளே, கடையிலிருந்த, மூக்குக்கண்ணாடி வைக்கும் பழுப்புநிறத் தோல் உறைகள் ஏழு மேலறைக்கு ஏறின. மடிப்பை இருபுறமும் இழுத்துவிட்டால் சிறகு ஒடுக்கிய தோற்றம் கிடைத்தது. அறையின் இருண்ட கோடியில், உத்தரத்தில் நூல் கட்டி ஏழையும் தொங்கவிட்டார். பிறகு கீழே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இங்க பாரு, ஒரு விஷயம். அதிர்ச்சியாகிடாத. மேல வௌவால் தூங்குது."

"வௌவாலா? நம்ம வீட்லயா? எத்தனை?"

"ஏழு."

மனைவி கோப்பை கழுவிய ஈரக்கையோடு படியேறினார். கைவிளக்கின் வாயில் சிவப்புத் தாளைக் கட்டிக் கொடுத்த கணவர், வாசற்படியைத் தாண்ட விடவில்லை. ஏழு கருநிழல்கள் தலைகீழாகத் தொங்கின. மனைவி நெடுநேரம் பார்த்தார்.

"என்னங்க."

"மெதுவா பேசு."

"ரெண்டு வௌவாலுக்கு நடுவுல சரியா ஒரு சாண் இருக்கு. ஏழுக்கும்."

"அது... ஒழுக்கமான இனம்."

"எல்லாமே ஒரே உயரம்."

"ஒரே குடும்பமா இருக்கும்."

மனைவி தலையசைத்தார். "பாவம், தூங்கட்டும். வசந்தம் வரைக்கும் ஒரு பெட்டியும் அசையக் கூடாது."

கண்ணாடிக்காரருக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. வௌவால்களை முன்னிட்டு அடக்கிக்கொண்டார்.

ஆனால் மனைவி ஒரு படிவத்தோடு வந்தார். சங்கத்தின் படிவம். கண்டவர், எண்ணிக்கை, இடையூறு என்று கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. "கண்டுபிடிச்சது நீங்க. அதனால தினமும் காலைல ஆறரைக்குப் போய்ப் பாத்து எழுதுறதும் நீங்கதான்."

அவர் குளிரில் நடுங்கியபடி மூன்று நாள் ஏறினார், 'ஏழு' என்று எழுதினார், இடையூறு என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார், இறங்கினார். நான்காம் நாள் காலையில் ஏறியவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

ஒன்பது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மீண்டும் எண்ணினார். ஒன்பதுதான். ஏழு தோல் உறைகளுக்கு நடுவே, ஒன்று சற்று மேலாகவும் ஒன்று சற்றுச் சாய்வாகவும், புசுபுசுவென்று இரண்டு. ஓரத்தில் கட்டைவிரல் நகம் போல ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. தாம் தொங்கவிட்டவை நேராக இருந்தன. ஆகவே கோணலாகத் தொங்குபவை இயற்கையின் கைவேலையாகத்தான் இருக்க வேண்டும். உண்மையான வௌவால்கள், அவருடைய பொய் வௌவால்களை உறவென்று நம்பி வந்து சேர்ந்திருக்கின்றன!

அவருடைய நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் வௌவால்கள் விழித்துவிடுமோ என்று அஞ்சி, நெஞ்சைக் கையால் பொத்திக்கொண்டு இறங்கினார்.

"ஒன்பது ஆயிடுச்சு," என்றார். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

"அப்படியா? சொந்தக்காரங்களா இருக்கும்," என்றார் மனைவி, மேலங்கிப் பையில் இரு கைகளையும் நுழைத்தபடி. அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து கண்ணாடிக்காரர் வேறு மனிதர். கடையில் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்கச் சொல்ல வேண்டியவர், வாடிக்கையாளரிடம், "வௌவால் தூங்கும்போது நிமிஷத்துக்கு எத்தனை தடவை மூச்சு விடும் தெரியுமா?" என்று கேட்டார். காலை ஆறரைக்கு ஏற வேண்டியவர் ஆறுக்கே ஏறினார். ஏழு உறைகளையும் கழற்றி எறிந்துவிடலாம்தான். ஆனால் நூல் ஆடி, நடுவில் உறங்கும் இரண்டும் விழித்துவிட்டால் என்ன செய்வது? பொய்யைக் கலைக்க முடியாதபடி மெய் காவல் காத்தது.

இந்த நிலையில்தான் மனைவி, வௌவால்களைப் பற்றிய அந்த நூலிலிருந்து ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டினார்.

"என்னங்க, இதைக் கேளுங்க. தூங்குற வௌவாலை எலி கடிச்சுத் தின்னுடுமாம்."

"எலியா?"

"பழைய பெட்டி அடுக்கி வச்ச இடத்துல எலி கட்டாயம் இருக்குமே. பரவாயில்ல விடுங்க. ஒரு பெட்டியும் அசையக் கூடாதுன்னு நாமளே முடிவு பண்ணிட்டோம்."

கண்ணாடிக்காரர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. ஏழுக்கு ஒன்றும் ஆகாது என்று அவருக்குத் தெரியும். மற்ற இரண்டின் கதி?

"சத்தமில்லாம இறக்கினா தப்பில்லையே?" என்று அவரே கேட்டார்.

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமே."

"வாயில்லாத ஜீவனுக்காக இதுகூடச் செய்யக் கூடாதா?"

இரட்டைக் காலுறை அணிந்து, பூனையும் பொறாமைப்படும்படி நடந்து, மூன்று காலைப் பொழுதுகளில் நாற்பத்து மூன்று பெட்டிகளையும் இறக்கினார். படி முனகினால் படியை அதட்டினார். பெட்டிகள் கடையின் பின்னறைக்குப் போய்ச் சேர்ந்தன. மேலறை வெறுமையாயிற்று. சன்னல் வழியாக ஏரி முதல் முறையாக வீட்டுக்குள் வந்தது.

அடுத்து வந்த ஞாயிறன்று, சங்க உறுப்பினரான ஊர்ப் பல் டாக்டரம்மா வௌவால் கணக்கைச் சரிபார்க்க வந்தார். சுவர் விரிசல்களுக்குள் உறங்கும் வௌவாலைக் காண்பதற்கு, வாய்க்குள் விடும் அதே வகைச் சிறுகண்ணாடியைத்தான் அவர் பயன்படுத்துவார். கண்ணாடிக்காரர் வாசலிலேயே நின்றார். ஏழு உறைகளைப் பற்றி என்ன சொல்வார்களோ என்ற அச்சம் ஒரு பக்கம். உண்மையான இரண்டை எல்லாரும் காணப்போகிறார்கள் என்ற களிப்பு மறுபக்கம்.

பல் டாக்டரம்மா முதல் வௌவாலின் அருகே விளக்கைப் பிடித்தார்.

"இதுல உங்க கடைப் பேரு அச்சடிச்சிருக்கு."

"அது... வந்து..."

"ஏழுலயும் அடிச்சிருக்கு."

"டாக்டரம்மா, அதை விடுங்க. அந்த ரெண்டைப் பாருங்க. மெதுவா. அது நிஜம்."

மனைவி நேராக நடந்துபோய் இரண்டையும் பறித்தார். கணவரின் தொண்டையிலிருந்து ஒரு கேவல் எழுந்தது. மனைவி இடக்கையில் ஒன்றையும் வலக்கையில் ஒன்றையும் மாட்டிக்கொண்டார். விரல்களை மடக்கி நீட்டினார்.

"ஒரு வாரமா கையுறை இல்லாம கை விறைச்சே போச்சுங்க."

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள், இதுவரை பெட்டிகளுக்குப் பின்னே மறைந்திருந்த உத்தர விரிசலுக்குள் பழக்க தோஷத்தால் சிறுகண்ணாடியை நுழைத்திருந்த பல் டாக்டரம்மா கையை உயர்த்தினார்.

"ரெண்டு பேரும் வாயைத் திறக்காதீங்க."

அவர் யாரிடமும் இதுவரை சொல்லியிராத சொல் அது. ஒருவர் பின் ஒருவராகக் கிட்டப் போனார்கள். வட்டக் கண்ணாடியில் கட்டைவிரல் அளவு ஓர் உயிர். சாம்பல் மயிரின் நுனியெங்கும் பனித்துளி. மடித்த சிறகுக்குள் முகம். மனைவி கையுறைக் கையால் கணவரின் சட்டையைப் பற்றிக்கொண்டார். இருபது ஆண்டுகளாகத் தம் பெட்டிகளுக்குப் பின்னே ஓர் உலகம் உறங்கியிருக்கலாம் என்பதைக் கண்ணாடிக்காரர் அந்தக் கணத்தில்தான் நினைத்துப் பார்த்தார்.

படியிறங்கி வந்ததும் அவருக்கு மூச்சோடு துணிவும் திரும்பியது. "அப்போ நான் சொன்னது பொய்யில்லையே? மேல வௌவால் இருக்குல்ல?"

"இருக்கு," என்றார் மனைவி. "அதனால உங்க சட்டம்தான். வசந்தம் வரைக்கும் ஒரு பெட்டியும் அசையக் கூடாது. கடைல இருக்கிறது கடைலயே இருக்கட்டும்."

பின்னர் முடிவாகிய செய்திகள் வருமாறு. மேலறையின் மறுகோடியிலுள்ள சன்னலருகே ஒரே ஒருவர், பேசாமல், அமரலாம் என்று பல் டாக்டரம்மா தீர்ப்பளித்தார். பேசாமல் அமரக்கூடியவர் வீட்டில் ஒருவர்தான் என்பதில் கருத்து வேறுபாடு எழவில்லை. மனைவியின் கணக்குப்படி ஏரியில் அந்த ஞாயிறன்று நாலாயிரத்து இருநூற்றுப் பதினொரு வாத்துகள் இருந்தன. கடையின் பின்னறை நிரம்பிவிட்டதால் கண்ணாடிக்காரர் மதிய உணவை வாசலில் நின்றபடி உண்கிறார். வௌவாலைச் சிறுகண்ணாடி வழியாக மாதத்துக்கொரு முறை பார்க்க அவருக்கு அனுமதி கிடைத்தது. அந்த நாளை எண்ணிக்கொண்டே மற்ற நாள்களைக் கழிக்கிறார். சங்கத்துக்குப் போன படிவத்தில், மனைவியின் தெளிவான கையெழுத்தில், எண்ணிக்கை என்ற கட்டத்தில் 'வௌவால், ஒன்று' என்றும், இடையூறு என்ற கட்டத்தில் 'கணவர், ஒன்று' என்றும் பதிவாகியிருக்கிறது.