முன்பக்கம் மட்டும்

என் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில், ஜன்னலோரக் கட்டிலில், காலை பதினோரு மணிக்கு. பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டதென்று நர்ஸ் இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"ஏங்க, ஹால்ல இருக்கற உங்க போட்டோவ எக்காரணம் கொண்டும் கழட்டிடாதீங்க" என்றாள்.

"எந்தப் போட்டோ? பட்டம் வாங்கினதா?"

"ம். அதேதான். பட்டம் வாங்கினது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலானது. இருமல் நின்றதும் விட்ட இடத்திலிருந்து மறுபடி சிரித்தாள்.

"எதுக்குச் சிரிக்கற?"

"அப்புறம் சொல்றேன். நர்ஸ் முறைக்கறாங்க, கிளம்புங்க."

நாலு மணிக்கு நான் திரும்பிப் போனபோது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். அந்த 'அப்புறம்' வந்து சேர ஒன்றரை வருஷம் ஆயிற்று.

போட்டோ விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறுப்புக் கவுன், கையில் சுருட்டிய காகிதம், முகத்தில் உலகத்துக்கே பாடம் நடத்தப்போகிற களை. காகிதம் ஸ்டூடியோக்காரர் கிழித்துக் கொடுத்த பழைய காலண்டர் தாள். கவுனும் அவருடையது. முகம் ஒன்றுதான் என்னுடையது, அதிலும் பவுடர் அவருடையது.

நான் பட்டதாரி இல்லை. இரண்டாம் ஆண்டில் நின்றுபோனவன். என் அப்பா இறந்தார், ஒரு மாதம் கல்லூரிக்குப் போகவில்லை. யாராவது தேடி வருவார்கள், ஒரு கடிதமாவது வரும் என்று வாசலைப் பார்த்தபடி இருந்தேன். வரவில்லை. மூன்றாம் மாதம் நானே போய்ப் பார்த்தேன். அறிவிப்புப் பலகையில் வகுப்புப் பட்டியல் ஒட்டியிருந்தது. எனக்கு முந்தினவன் இருந்தான். பிந்தினவன் இருந்தான். நடுவில் ஒரு வரி இடம்கூட விடவில்லை. திரும்பி நடந்தேன். எதிரே ஒரு ஸ்டூடியோ இருந்தது.

பிறகு ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவனானேன். வருகிறதையெல்லாம் படித்ததில் கொஞ்சம் படிப்பு வந்தது. கல்யாணப் பேச்சு நடந்தபோது பெண் வீட்டுக்கு அந்தப் போட்டோவைத்தான் அனுப்பினேன். ஊரார் தப்பையெல்லாம் சிவப்பு மையால் சுழித்தவன், என் தப்பைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன்.

என் மனைவி தையற்காரி. வீட்டின் முன்னறையில் இரண்டு மெஷின். கல்லூரிகளுக்கு மொத்த ஆர்டர் எடுப்பாள். சேருகிற பிள்ளைகளுக்கு ஆய்வகத்துக்கான வெள்ளைக் கோட்டு, முடிக்கிற பிள்ளைகளுக்குக் கறுப்புக் கவுன். அளவுகளையெல்லாம் நோட்டில் எழுதுவாள். கல்யாணத்துக்கு முன்பே எழுத ஆரம்பித்த நோட்டுகள், ஓர் அலமாரி நிறைய.

அவள் போவதற்கு இரண்டரை வருஷம் முன்பு எங்கள் மகள் பள்ளிக்கூடம் முடித்தாள். அன்று காலை நான் ஒரு பெரிய தீர்மானத்தோடு எழுந்தேன். இருபது வருஷமாக இந்த வீட்டில் திரைச்சீலை நிறம்கூட நான் முடிவு செய்ததில்லை. இந்த ஒன்றை நான்தான் முடிவு செய்வேன்.

"நம்ம பொண்ணு நீரூற்றுக் காலேஜ்லதான் படிக்கப் போறா" என்று அறிவித்தேன். கையில் அதன் விளம்பரப் புத்தகம். வழவழக் காகிதம், வாசலில் மூன்றடுக்கு நீரூற்று, அதன் மேலே கொட்டை எழுத்தில் 'தேர்ச்சி 98%'. எங்கள் அச்சகத்தில் அடித்தது. அந்த எட்டு மங்கலாக விழுகிறதென்று மாற்றச் சொன்னவனே நான்தான்.

அவள் மெஷினை நிறுத்தவில்லை. "எத்தன பேர்ல தொண்ணூத்தெட்டு?"

"நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு!"

"அது தெரியுது. எந்த நூறு? சேர்ந்த நூறா, கடைசிப் பரீட்சை எழுதின நூறா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

மெஷின் நின்றது. நான் பயப்படுகிற சத்தம் அது ஒன்றுதான். எழுந்து போய் இரண்டு நோட்டுகளைக் கொண்டுவந்தாள்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி இவங்க முதல் வருஷத்துக்கு நான் தச்ச கோட்டு நானூத்திப் பத்து. இந்த வருஷம் தச்ச கவுன் நூத்தி அறுபது. நடுவுல இருநூத்தம்பது பேரு எங்கங்க?"

"வேற டெய்லர்கிட்ட தச்சிருப்பாங்க."

"ரெண்டும் மொத்த ஆர்டர். ஒரு பட்டன்கூட வெளிய போகல. நூத்தி அறுபதுல நூத்தி அம்பத்தேழு பாஸுன்னு வாங்க வந்தவரே சொன்னாரு. அதான் உங்க தொண்ணூத்தெட்டு. பொய்யே கிடையாது. ஆளுங்கதான் கிடையாது."

"சிலர் ஒரு வருஷம் தள்ளி முடிப்பாங்கம்மா."

"அதையும் பார்த்துட்டேன். தள்ளி முடிச்சவங்களுக்குத் தனியா ஆறு கவுன். நீங்க இத விடுங்க, ரெண்டாம் வருஷத்தப் பாருங்க. வளர்ற பசங்க, கோட்டு இறுகுதுன்னு பிரிச்சுத் தைக்க வரணுமில்ல? இந்தக் காலேஜ்ல இருந்து யாரும் வர்றதில்ல. எனக்கு என்ன தோணும்? ஒண்ணு எல்லாரும் இளைச்சுட்டாங்க. இல்ல, எல்லாரும் போயிட்டாங்க."

உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள். "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சதும் எனக்கும் ஒரு வார்த்த சொல்லுங்க. படிக்கப் போறது நான்தான்னு நெனைக்கறேன்."

"அப்ப எந்தக் காலேஜ்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஓட்டுக்கூரைக் காலேஜ். இருநூறு கோட்டு, நூத்தி எழுபத்துநாலு கவுன். தள்ளி முடிச்சவங்க பதினொண்ணு. நீங்க படிச்ச காலேஜ்தான?"

ஓட்டுக்கூரைக் கல்லூரி என்றால் நான் நின்றுபோன கல்லூரி. அங்கே பழைய பதிவேடுகள் இருக்கும். அவற்றைப் புரட்ட யாராவது ஒரு கிளார்க் இருப்பார். "அட, இவரு ரெண்டாம் வருஷத்தோட நின்னவராச்சே" என்று என் மகள் முன்னால் சொல்வார்.

"அது வேண்டாம். மழைக்கு ஒழுகும்."

"ஒழுகட்டும். பசங்க ஒழுகல பாருங்க."

"அங்க படிச்சு நான் என்னத்தக் கண்டேன்?"

"முடிச்ச நீங்களே இப்படிச் சொன்னா, முடிக்காதவங்க என்ன சொல்வாங்க?" சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். "ஏங்க, நிஜமா கேக்கறேன். பாதியில ஏன் நின்னுடறாங்க?"

"சோம்பேறிங்க" என்றேன். "பொறுப்பில்லாதவங்க. அவ்வளவுதான்."

என்னை நானே இவ்வளவு திட்டியது அன்றுதான்.

"அப்படியா" என்றாள். மெஷின் ஓட ஆரம்பித்தது.

அடுத்த வாரம் ஓட்டுக்கூரைக் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பி என் கையில் கொடுத்தாள். "வெள்ளிக்கிழமை கடைசி நாள். அச்சகம் போற வழிதான, குடுத்துடுங்க."

என் மூளை இருபது வருஷத்தில் முதல்முறையாக வேலை செய்தது. அச்சகத்துக்குப் போனதும் விண்ணப்பத்தைப் பிரித்துப் பார்த்தேன். 'தந்தையின் கல்வி' என்ற இடத்தில் முத்து முத்தாக 'பட்டதாரி' என்று எழுதியிருந்தாள். ஒரு கணம் மனசு குறுகியது. ஒரு கணம்தான். பழைய பிழைதிருத்தத் தாள்களின் அடுக்குக்கு அடியில் அதைத் தள்ளினேன். அங்கே போன காகிதத்தை எங்கள் முதலாளியாலேயே கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

செவ்வாய், புதன், வியாழன். தினமும் அடுக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சனிக்கிழமை முகத்தைத் தொங்கப்போட்டு வீட்டுக்கு வந்தேன்.

"என்னங்க, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்த ஃபாரம்... வேலை நெருக்கடில... தேதி முடிஞ்சுபோச்சும்மா. பரவால்ல, நீரூற்றுக் காலேஜ்ல இன்னும் ஒரு வாரம் இருக்கு."

"அடடா, அதுக்கா இவ்வளவு வருத்தம்? அது நான் தப்பா எழுதின ஃபாரங்க. வேற வாங்கி, சரியா எழுதி, திங்கக்கிழமையே குடுத்துட்டேன்."

"அப்ப அத எதுக்கு எங்கிட்ட குடுத்த?"

"நீங்களும் ஒரு வாரம் பிஸியா இருப்பீங்களேன்னுதான்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அந்த ஃபாரத்தில் என்ன தப்பு என்று நான் கேட்கவில்லை. பிழை திருத்துகிறவனுக்கு அது கண்ணில் படவும் இல்லை.

மகள் ஓட்டுக்கூரைக் கல்லூரியில் சேர்ந்தாள். நான் அந்தத் தெருப் பக்கம் தலைவைக்கவில்லை. பெற்றோர் கூட்டம் வரும்போதெல்லாம் அச்சகத்தில் அவசர வேலை இருந்தது, இல்லாவிட்டால் என் முதுகு பிடித்துக்கொண்டது. "உங்க முதுகுக்குக் காலேஜ் காலண்டர் மனப்பாடம்" என்பாள் மனைவி.

மூன்றாம் ஆண்டின் நடுவில் அவள் போய்விட்டாள். ஏழு வாரம் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான்.

மகள் கல்லூரிக்குப் போவதை நிறுத்தினாள். முன்னறையில் மெஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். என்ன சொல்ல? அந்த நாற்காலியை எனக்குத் தெரியும். காரியமெல்லாம் முடிந்து வகுப்புக்குப் போயிருக்கவேண்டிய மூன்றாம் நாள் போன் அடித்தது.

"நான் உங்க பொண்ணோட காலேஜ் டீச்சர் பேசறேன். மூணு நாளா வரலியே, என்ன பண்றா?"

"உக்காந்திருக்காம்மா."

"சாப்பிடறாளா?"

"கொஞ்சம்."

"சாயங்காலம் வரலாமா?"

வந்தார். அதட்டவில்லை, அறிவுரை சொல்லவில்லை. மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, விட்டுப்போன பாடங்களின் நகலை எடுத்து வைத்தார். "நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் வா. பிடிக்கலன்னா திரும்பிடு." மறுநாளும் வந்து கூட்டிப்போனார். அப்படிப் பதினொரு நாள்.

நான் சமையலறையில் நின்று குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு போன் வந்திருந்தால் என்று யோசித்தேன். அப்போது எங்கள் வீட்டில் போன் இல்லை. ஆனால் கதவு இருந்தது. தட்டியிருக்கலாம்.

மகள் முடித்தாள். பட்டமளிப்பு நாள் காலையில், "அப்பா, அம்மா எனக்குன்னு ஒரு கவுன் தச்சு வச்சிருக்காங்க, அலமாரி மேல்தட்டுல. எடுத்துக் குடுங்க" என்றாள். முதல் வருஷமே தைத்துவிட்டாளாம், அவளுடைய நோட்டுகள் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

கவுனை உதறினேன். மடிப்பிலிருந்து ஒரு பழைய நோட்டு விழுந்தது. ஒரு பக்கத்தில் கறுப்புத் துணித் துண்டு அடையாளம் வைத்திருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு மூன்று வருஷம் முந்தைய தேதி. அவளுடைய சின்ன வயசுக் கையெழுத்து.

'காலேஜ் எதிர் ஸ்டூடியோ. போட்டோ எடுக்க கவுன் ஒன்று. முன்பக்கம் மட்டும். பின்னால் நாடா. இடது தோளில் துணி போதாமல் ஒட்டுத் தையல்.'

ஹாலுக்குப் போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போட்டோவைப் பார்த்தேன். இடது தோளில் ஒட்டுத் தையல் இருந்தது. பெண் வீட்டுக்கு நான் அனுப்பிய போட்டோ. அதைப் பார்த்துத்தான் சரி என்று சொல்லியிருக்கிறாள்.

மகள் பின்னால் வந்து நின்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"முதல் வருஷமே தெரியும்ப்பா. வீட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போனாங்களே, அந்த டீச்சர் வாராவாரம் என்ன மட்டும் கூப்பிட்டு விசாரிப்பாங்க. ஏன்னு கேட்டேன். வீட்டுல யாரும் பட்டம் முடிக்காத பிள்ளைங்களுக்குத் தனியா ஒரு டீச்சர் போடுவாங்களாம். ஃபாரத்துல அம்மா எழுதியிருந்தாங்க. 'தந்தை, இதே கல்லூரி, இரண்டாம் ஆண்டு வரை'ன்னு."

"எங்கிட்ட யாரும் சொல்லலியே."

"உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தாங்க."

'பட்டதாரி' என்ற அந்த ஒரு சொல்தான் தப்பு. அதைத்தான் நான் ஒரு வாரம் ஒளித்துக் காவல் காத்திருக்கிறேன்.

அன்று நானும் கல்லூரிக்குப் போனேன். என்னை யாரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

ஹால் சுவரில் இப்போது இரண்டு போட்டோக்கள் இருக்கின்றன. மகளுடைய கவுனுக்கு முதுகுப்பக்கமும் உண்டு.