அஷ்டபந்தன மோட்டார்

மூன்றாவது சொட்டு நேராக வக்கீல் பராங்குசம் ஐயங்காரின் நெற்றியில் விழுந்தது. நாமத்தின் நடுவிலிருந்த ஸ்ரீசூர்ணம் கரைந்து மூக்கு வழியாக இறங்கி, வெள்ளைக் கழுத்துப்பட்டையில் போய்ச் சிவப்பாக உட்கார்ந்தது.

"நிறுத்துடா வீராசாமி! கூரை ஒழுகறது!"

டிரைவர் வீராசாமி அண்ணாந்து பார்த்தான். "ஒழுகலீங்க சாமி. கூரைக்கு வேர்த்துக்கினு இருக்குது."

வண்டியை யார் குறை சொன்னாலும் வீராசாமிக்குப் பொறுக்காது. சொன்னவர் வண்டிக்குச் சொந்தக்காரராகவே இருந்தாலும் சரி.

சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடம் வாங்கிய பழைய மோட்டார் அது. மேலே கான்வாஸ் கூரை. வேண்டுமானால் விரிக்கலாம், வேண்டாமென்றால் பின்பக்கம் மடக்கிவிடலாம். சின்னக் காஞ்சிபுரத்தில் அந்தத் தெருவுக்கே அது ஒன்றுதான் மோட்டார். வாங்கிய சித்திரையில் ஐயங்கார் கூரையை மடக்கிவிட்டு உச்சி வெயிலில் ஊரை மூன்று சுற்றுச் சுற்றினார். மண்டை கொதித்தால் என்ன, நாலு பேர் பார்க்கிறார்களே! ஐப்பசி மழைக்குத்தான் கூரையை முதன்முதலாக விரித்தார். துரை அதை எலிகளுக்குக் குடக்கூலி இல்லாமல் விட்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

நனைந்து வீடு வந்தவரிடம் மனைவி அம்ருதவல்லி ஒரு கடிதத்தை நீட்டினாள். பட்டணத்துச் சம்பந்தி எழுதியிருந்தார். பெண் வத்ஸலாவுக்கு இன்னும் பத்து நாளில் கல்யாணம்.

'எங்களிடம் சொந்தத்தில் புது மோட்டார் உண்டு. இருந்தாலும் மாப்பிள்ளை அழைப்புக்குத் தங்கள் மோட்டாரே வேண்டும் என்பது எங்கள் எல்லோருடைய ஆசை.'

ஐயங்காருக்கு மார்பு நிமிர்ந்தது. கடிதத்தை மூன்று தடவை உரக்கப் படித்தார். மூன்றாம் தடவை வாசலுக்கே வந்து படித்தார்.

"பாத்தியாடி! புது மோட்டார் வெச்சிண்டிருக்கறவர் என் மோட்டாரைக் கேக்கறார்!"

"கேக்கட்டும். இந்த மழையில மாப்பிள்ளை தலையில ஒரு சொட்டு விழுந்தா, ஆயுசு பூரா நம்ம பொண்ணைக் குத்திக் காட்டுவா. அதை யோசிச்சேளா?"

அவர் யோசித்தார். அன்றிலிருந்து வேறெதையும் யோசிக்கவில்லை. கல்யாண வேலையெல்லாம் அம்ருதவல்லி தலையில் விழுந்தது.

முதலில் தையற்காரர் வந்தார். எலி போட்ட ஒன்பது ஓட்டைகளுக்கும் ஒன்பது ஒட்டுத் துணி வைத்து நெருக்கமாகத் தைத்தார். மறுநாள் மழையில் ஊசி போன இடமெல்லாம் தண்ணீர் வந்தது.

"முன்னே ஒழுகிச்சு. இப்போ சலிக்குது" என்றான் வீராசாமி.

அடுத்தது, நெசவுக்காரக் கந்தன் சொன்ன யோசனை. "பாவுக்குப் போடற மாதிரி கெட்டியாக் கஞ்சி போடுங்க சாமி. இழையெல்லாம் ஒட்டிக்கினு நிக்கும். ஊசித் துளை எந்த மூலைக்கு?"

கஞ்சி போட்டார்கள். வெயிலில் காய்ந்ததும் கூரை விறைத்தது. தட்டினால் மேளம் மாதிரி சத்தம் வந்தது. ஐயங்கார் தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுத் தட்டிப் பார்க்கச் சொன்னார். அவர் ஸ்நானத்துக்குப் போன நேரத்தில் கோயில் பசு ஒன்று வந்தது. அது தட்டிப் பார்க்கவில்லை, நக்கிப் பார்த்தது. அவர் திரும்பி வந்தபோது பின்பக்க ஓரத்தில் ஒரு முழத் துணி பசுவின் வாயில் இருந்தது.

"அடிக்காதேடா, பாவம்!" என்றார் ஐயங்கார். பசு நிதானமாக மென்று முடித்தது.

கல்யாணத்துக்கு நாலே நாள். அப்போதுதான் பரசுராமன் அகப்பட்டார். கோயில் கும்பாபிஷேகங்களுக்கு அஷ்டபந்தனம் இடித்துக் கொடுக்கிறவர். அரக்கு, குங்கிலியம், மெழுகு, வெண்ணெய் என்று எட்டுச் சரக்கையும் நாட்கணக்கில் இடித்துச் சேர்த்த சாந்து அது. தென்னேரிப் பக்கத்தில் ஒரு கோயில் வேலை முடித்து, மிச்சத்தோடு வந்திருந்தார்.

"மோட்டாருக்கா?" என்றார் பரசுராமன் தயங்கி.

"பெருமாளையே பீடத்துல அசையாம நிறுத்தறது. ஒரு துணியை நிறுத்தாதா?"

"நிறுத்தும் சாமி. ஆனா ஒரு தடவை இறுகிப்போச்சுன்னா பன்னண்டு வருஷத்துக்கு உளி வெச்சாலும் வராது."

"அதேதான் எனக்கு வேணும்!"

பசு தின்ற இடத்துக்குப் புதுக் கான்வாஸ் வைத்து, கூரை முழுவதும் சாந்து அப்பினார்கள். கம்பிகளின் இடுக்கு, கீல், கொக்கி ஒன்று பாக்கியில்லை. பக்கத்துப் படுதாக்களையும் சேர்த்து ஒட்டினார்கள். இரண்டு நாளில் எல்லாம் கல்லாகிவிட்டது. அன்று சாயங்காலம் கொட்டோ கொட்டென்று கொட்டிய மழையில் ஐயங்கார் தன்னந்தனியாக வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டு இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டிக்குள் ஈரம் என்றால் அது ஒன்றுதான்.

மாப்பிள்ளை அழைப்பன்று பிற்பகலே மழை விட்டு, வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஐயங்காருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அவர் விடுகிறவரா? கோயில் வாசலில் நாயனம் ஆரம்பித்து, காஸ் விளக்குகள் வரிசையாக நின்று, தெருவின் இரண்டு பக்கமும் ஜனம் எட்டிப் பார்த்துக் கொண்டிருக்க, மாப்பிள்ளை முரளீதரனைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் மோட்டாருக்குள் உட்கார வைத்தார். கதவைச் சாத்தினார். பிறகு கையைத் தட்டினார்.

"ஊத்துடா வீராசாமி!"

வீராசாமி ஏணி மேல் நின்று குடம் குடமாகக் கூரையில் தண்ணீரைக் கொட்டினான். பன்னிரண்டு குடம். நாயனக்காரர் என்ன வாசிப்பதென்று தெரியாமல் நிறுத்திவிட்டார்.

ஐயங்கார் கதவைத் திறந்தார். "மாப்பிள்ளை! ஒரு சொட்டு?"

"இல்லை மாமா" என்று உள்ளே இருட்டிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"கேட்டேளா சம்பந்தி! உங்க புது மோட்டார்ல கூட இது நடக்குமா?"

ஊரே பார்க்கத் தலை நிமிர்ந்து நின்றார் ஐயங்கார். பெண்ணைப் பெற்றவர் அந்தத் தெருவில் அப்படி நின்று யாரும் பார்த்ததில்லை. சம்பந்தி வானத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், தம்முடைய டிரைவர் பூவராகவனிடம் மெதுவாக ஏதோ சொன்னார். பூவராகவன் வந்து கூரையின் ஓரமெல்லாம் தடவினான். ஒரு கம்பியைப் பிடித்து இழுத்தான். காலை உதைத்துக் கொண்டு இன்னொரு தடவை இழுத்தான்.

"என்னப்பா தேடறே?" என்று கேட்டார் ஐயங்கார்.

"இதை மடக்கற கொக்கி எங்கீது சாமி? எங்க புது வண்டி மூடின வண்டி, கூரையைத் திறக்கவே முடியாது. மாப்பிள்ளை முகத்தை ஊரு பாக்கணுமேன்னுதானே உங்க வண்டியைக் கேட்டாங்க!"